முகம் பார்த்துப் போட்ட கணக்கு

ஜனவரி 16, வியாழன்

காலைப் பூசைக்குப் போகுமுன் கணக்குப் புத்தகத்தில் பின்னங்கள் பாடத்தைப் படித்து முடித்தேன். பிள்ளைகளுக்கு அடுத்த வாரம்தான் அந்தப் பாடம். எப்போதும் ஒரு பாடம் முன்னால் போய் நிற்க வேண்டும், நான்கு வருடமாக என் முறை இதுதான். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். தையலும் ஆங்கிலமும் வரவு செலவு எழுதுவதும் நானாகப் படித்துக்கொண்டவை. பிள்ளை ஒன்று கேட்டு நான் முழித்துக்கொண்டு நிற்கிற வெட்கம் மட்டும் வேண்டாம், மாதாவே.

ஜெனிலாவுக்குப் பதினொன்று, சிஜோவுக்கு எட்டு. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது வீட்டில் தொடங்கியது. திறந்த பிறகும் ஜெனிலாவை நான் திருப்பி அனுப்பவில்லை. சிஜோ பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை.

செலவு: சாளை மீன், மரச்சீனிக் கிழங்கு, ஜெனிலாவுக்கு அளவுகோல். வரவு இல்லை. என் வீட்டுக்காரர் அல்போன்ஸ் கடலில்.

ஜனவரி 19, ஞாயிறு

திருவிழா மேடையில் மறைக்கல்வி வினாடி வினா. நான் மேடைக்குப் பின்னால் நடனப் பிள்ளைகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மைக்கில் ஃபாதர் ஜெனிலாவிடம் கேட்டது காதில் விழுந்தது: "அருட்சாதனங்களில் முதலாவது எது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெனிலா தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள்.

சத்தமே இல்லை. கெண்டியோடு சுற்றிப்போய்ப் பார்த்தேன். பிள்ளை வாயைப் பாதி திறந்தபடி நிற்கிறாள். கண் மட்டும் பெண்கள் பக்கம் வரிசை வரிசையாகப் போகிறது. என்னை அவள் கண்டுபிடித்த நேரத்தில் மணி அடித்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற பையன் "திருமுழுக்கு" என்று சொல்லிக் கைதட்டு வாங்கினான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"தெரியாதா மக்கா?"

"தெரியும். திருமுழுக்கு."

"பிறகு ஏன் சொல்லல்ல?"

"ஒங்களைக் காணல்ல."

இது என்ன பதில்? என்னைக் காணாததற்கும் திருமுழுக்குக்கும் என்ன சம்பந்தம்?

அதற்கு முன் வழியில் பிரிஜா மைனி - அல்போன்ஸின் அக்காள், எதிர்வீடு - எல்லாரும் கேட்கச் சொன்னாள்: "வீட்டுப் பள்ளிக்கூடத்துல மைக்கு கெடையாதோ, பெமிலா?" கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து கதவை அடைத்தேன்.

ஜனவரி 27, திங்கள்

கொச்சியில் மீன் இறக்கக் கரை பிடித்திருக்கிறார்கள். அவர் போன் செய்தார். மேடை விஷயத்தை நான் சொல்லவில்லை. அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"மேடையில பிள்ள வாயடைச்சு நிண்ணாளாமே?"

"மைனி சொன்னாவளா?"

"யாரு சொன்னா என்ன? நிண்ணாளா இல்லையா?"

"நிண்ணா."

துறைமுகத்துச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்: "ஆறாங்கிளாஸுக்குப் பள்ளிக்கூடத்துல சேத்துருவோம் ஏட்டி. இவ்வளவு நாளும் நான் ஒண்ணும் சொல்லல்ல. நமக்குத் தெரிஞ்சதை நாலாள் முன்னால சொல்ல முடியல்லைண்ணா அது என்ன படிப்பு?"

"ஜூன் வரைக்கும் தாங்க."

"தாறேன். நாலாள் முன்னால, நீ எடுத்துக்குடுக்காம, தானா ஒரு வார்த்த பேசட்டும். இல்லைண்ணா ஜூன்ல பள்ளிக்கூடம். பிறகு என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

ஜூன் முதல் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போது அவர் வீட்டில் இருப்பார். மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கும். அதுவரைக்கும்தான் எனக்கு.

பிப்ரவரி 3, திங்கள்

"ஒங்களைக் காணல்ல." மாவு ஆட்டும்போதும் அந்தச் சொல் கூடவே சுற்றுகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று ஒரு வேலை செய்தேன். பால் கணக்கு எழுதும் தாளை மடியில் வைத்துக்கொண்டேன். ஜெனிலா கணக்குப் போடும்போது எத்தனை தடவை தலை தூக்கி என் முகத்தைப் பார்க்கிறாள் என்று கோடு போட்டேன். அவள் போட்ட கணக்குகளைவிடத் தாளில் கோடுகள் அதிகம்.

ஒவ்வொரு கூட்டலுக்கும் ஒரு பார்வை. பென்சில் நிற்கும், கண் எழும்பும், என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டுப் பென்சில் போகும். சில நேரம் எழுதியதை அழிப்பாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்.

என் முகத்தில் அப்படி என்னதான் தெரிகிறது? குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். "தப்பு" என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன், "சரி" என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வெளியே நின்று சிஜோ கேட்டான், "அம்மா, யாருகூட பேசுதீங்க?"

பிப்ரவரி 13, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் படுக்க முடியாது.

முக்காலை அரையால் வகுக்க வேண்டும். காலையிலேயே அதைப் போட்டுப் பார்த்து எட்டில் மூன்று என்று மனதில் வைத்திருந்தேன். ஜெனிலா முதலில் ஒன்றரை என்று எழுதினாள். என்னைப் பார்த்தாள். அழித்தாள். ஏதோ போட்டாள், பார்த்தாள், மறுபடி அழித்தாள். கடைசியில் எட்டில் மூன்று வந்தது. "கொள்ளாம்" என்று மெச்சினேன்.

மத்தியானம் புத்தகத்தின் பின்னால் விடையைப் பார்த்தால், ஒன்றரை! நான் வகுக்கவில்லை, பெருக்கியிருக்கிறேன். முக்காலில் பாதியைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு அதுதான் விடை என்று உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அவளைக் கூப்பிட்டேன். "முதல்ல ஒண்ணரைண்ணு எப்படிப் போட்ட?"

"முக்கா லிட்டர் எண்ணெய அரை லிட்டர் குப்பியில ஊத்தினா ஒரு குப்பி நெறையும், இன்னொண்ணு பாதி நெறையும். ஒண்ணரைக் குப்பி."

"சரியாட்டுத்தான போட்டிருக்க! பிறகு என்னத்துக்கு அழிச்ச?"

"நீங்க ஒருமாதிரி இருந்தீங்க."

நான் ஒருமாதிரி இருந்தேன்! எண்ணெயும் குப்பியும் கண்ணுக்கு முன்னால தெளிவா இருந்த பிள்ளைய, பேசாம இருந்தே தப்பான எடத்துக்குக் கொண்டு போயிருக்கேன். அவளும் வந்திருக்கா. எனக்க முகத்தைப் பிடிச்சிட்டு வந்திருக்கா.

அப்படியானால் இந்த நான்கு வருடம் அவள் படித்தது எதை?

பிப்ரவரி 14, வெள்ளி

கோபம் தணிந்துவிட்டது. இப்போது இருப்பது கோபமில்லை, அறிந்துகொள்ளும் ஆசை. முகத்தை எப்படி எடுத்துவைப்பது? யாராவது முகத்தைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறார்களா?

மார்ச் 7, வெள்ளி

தவக்காலம் தொடங்கிவிட்டது. ஒரு யோசனை வந்தது, நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். மாலையில் ஜெபமாலை சொல்லும்போது ஜெனிலா முன்சொல்லும் முறை வந்தால் தடுமாறுவதே இல்லை. அப்போது என் கண் மூடியிருக்கும். அதுதான் காரணம்.

ஆகவே பாட நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை சொல்லப்போகிறேன். அவர்கள் வாய்விட்டுக் கணக்குப் போடட்டும். தவக்காலத்தில் கூடுதலாக ஒரு ஜெபமாலை, பிள்ளைகளுக்கும் என் முகம் கிடையாது. ஒரு செலவில் இரண்டு வரவு.

மார்ச் 14, வெள்ளி

ஒரு வாரமாக நன்றாகப் போனது. எல்லாக் கணக்கும் சரி. இன்று காலை பூசை முடிந்து வரும்போது மாதா குருசடியில் நின்று நன்றிகூடச் சொன்னேன்.

சாயங்காலம் சிஜோ அக்காளுக்குச் சொல்லிக்கொடுப்பது அடுக்களைக்குக் கேட்டது. "ஜெபம் ஓடுனா சரி. ஜெபம் நிண்ணா தப்பு. அம்மா மணிய அமுக்கிப் பிடிச்சா பெரிய தப்பு."

வெளியே வந்தேன். இரண்டு பேரும் விழித்தார்கள். அவன் சொன்னது சரிதான். வாய் ஜெபம் சொல்கிறது, காது முழுக்கப் பிள்ளையின் கணக்கில். அவள் தவறினால் என் உதடு நின்றிருக்கிறது. எனக்கே தெரியாது. எட்டு வயதுப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது!

சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்று பேரும் சிரித்தோம். அவர்கள் போன பிறகு சிரிப்பு நின்றது. ஒரு வாரம் நான் சொன்னது ஜெபமும் இல்லை, சொல்லிக்கொடுத்தது பாடமும் இல்லை. அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் இதை எப்படிச் சொல்வது? ஃபாதருக்குப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆகும்.

மார்ச் 19, புதன்

வீட்டைவிட்டே வெளியே போய்ப் பார்த்தேன். "இந்தப் பக்கத்தை நீங்களே படியுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் மைனி வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தால் பக்கம் திறந்த இடத்தில் அப்படியே கிடக்கிறது. சிஜோ சுவரில் பந்து உதைக்கிறான். ஜெனிலா வாசலில் உட்கார்ந்து என் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மைனி வீட்டில் சும்மா இருக்க விட்டாளா? "பள்ளிக்கூடத்துல நாப்பது பிள்ளையள ஒரு டீச்சர் பாக்குதா. நீ ரெண்டு பிள்ளைய வச்சிட்டு வீட்டை விட்டு ஓடி வந்திருக்க."

 அவள் சொன்னது தப்பாகப் படவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டருக்கு அவர் வந்து நாளை போகிறார். இன்று பாட நேரத்தில் கதவோரம் உட்கார்ந்து வலைக்கயிறு முடிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன், ஜெனிலா என்னைப் பார்க்கக்கூடாது, பார்க்கக்கூடாது. பார்த்தாள்.

பிள்ளைகள் எழுந்து போனதும் மெதுவாகச் சொன்னார்: "அவ புஸ்தகத்தைப் படிக்கல்ல ஏட்டி. ஒன்னைப் படிக்குதா."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமா? பிறகு?"

"வழி தேடிக்கிட்டு இருக்கேன்."

 அவர் கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். படகில் கெட்டுப்போன ஒரு ஒலிபெருக்கியைச் சிஜோவுக்குக் கொண்டுவந்திருந்தார். அதைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை மணவாளக்குறிச்சியில் என் தம்பி பிள்ளைக்குத் திருமுழுக்கு. பிள்ளைகள் கடற்கரையில் ஒரு குப்பி நிறையக் கறுப்பு மணல் அள்ளி வந்திருக்கிறார்கள். அதில் சிவப்பும் வெள்ளையும் கலந்து கிடக்கிறது. இன்று பாடம் முடிந்த பிறகு சிஜோ ஒலிபெருக்கியின் காந்தத்தைத் தாம்பாளத்தில் பரத்திய மணலுக்கு மேலே கொண்டுபோனான். கறுப்பு குதித்து ஒட்டிக்கொண்டது. சிவப்பு அசையவில்லை. கறுப்பிலேயே கொஞ்சம் ஒட்டவில்லை.

"அம்மா, இந்தக் கறுப்பு ஒட்டுது, அந்தக் கறுப்பு ஏன் ஒட்டல்ல?" ஜெனிலா வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்குத் தெரியவில்லை. இந்தப் பாடத்தை நான் காலையில் படித்து வைக்கவில்லை. இது எந்தப் பாடத்திலும் இல்லை.

"எனக்குத் தெரியாது மக்கா."

"நெசமாட்டா?"

"நெசமாட்டு."

நம்பவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நெற்றி, கண், வாய். வீட்டில் தொலைந்த பொருளைத் தேடுவதுபோல முகம் முழுக்கத் தேடினாள். இருந்தால்தானே கிடைக்கும்? பிறகு திரும்பித் தாம்பாளத்தைப் பார்த்தாள். விளக்கு வைக்கும் வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஈர மணல் கட்டிபிடிக்கிறது என்று சட்டியில் போட்டு வறுத்தார்கள். காந்தத்தில் ஒட்டியதை எடுக்க முடியவில்லை என்று காந்தத்துக்குப் பிளாஸ்டிக் கவர் மாட்டினார்கள். கவரை உருவினால் மணல் தானே விழுகிறது. அது சிஜோவின் யோசனை. ஒட்டியது ஒரு கிண்ணம், ஒட்டாதது ஒரு கிண்ணம். வறுத்த சட்டி பாழ். எழுந்த கோபத்தை விழுங்கிவிட்டேன்.

விடை தெரியாத முகத்தில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை. இவ்வளவுதானா? இதற்காகவா நான் கண்ணாடி முன்னால் நின்றேன்?

மே 6, செவ்வாய்

காந்தக் கேள்வி விடவில்லை. தம்பியின் சிநேகிதன் ரதீஷ் மணல் ஆலையில் வேலை பார்க்கிறான் என்று ஜெனிலாவுக்கு நினைவு வந்தது. நம்பரைப் போட்டு நான் பேச வாயெடுத்தேன். போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மாமா, நான் பெமிலா அம்மைக்க மவ ஜெனிலா. எனக்கு ஒரு காரியம் தெரியணும்."

ரதீஷ் சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "ஒனக்க காந்தம் சின்னது மக்கா. பலம் கூடின காந்தம்னா மிச்சக் கறுப்பும் வரும், செவப்பும் வரும். ஆனா வெள்ளையாட்டு ஒரு மணல் உண்டு, அது எந்தக் காந்தத்துக்கும் அசையாது."

போனை வைத்துவிட்டு அறைக்குள் சுற்றி நடந்தாள். பிறகு சிஜோவிடம்: "லே, செவப்பு ஒட்டாததும் வெள்ளை ஒட்டாததும் ஒண்ணு இல்ல. வெள்ளை ஒட்டவே ஒட்டாது. செவப்பு நம்ம காந்தம் போராததுனால ஒட்டல்ல."

எனக்குப் புரியவில்லை. கிண்ணங்களை வைத்துக்கொண்டு இரண்டாம் தடவை எனக்குச் சொன்னாள். புரிந்தது. நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் தலையாட்டாத இடத்தில் நிறுத்தி, "இதுல என்ன வெளங்கல்ல?" என்று கேட்கிறாள்.

மே 8, வியாழன்

இன்று முதல் முன்கூட்டிப் படித்து வைப்பதில்லை என்று தீர்மானம்.  தெரியாமல் நிற்கக்கூடாது என்றுதானே இவ்வளவும் படித்தேன்? தெரியாமல் நின்றால்தான் பிள்ளைக்கு நல்லது என்றால், என் படிப்பை எங்கே கொண்டு வைப்பது?

மாதாவே, இதற்கு எந்த ஜெபம் என்று தெரியவில்லை.

மே 9, வெள்ளி

வழக்கம்போல முழிப்பு வந்துவிட்டது. புத்தகத்தைத் தொடவில்லை. வாசலைக் கூட்டினேன். கூட்டிய வாசலை மறுபடியும் கூட்டினேன்.

மே 16, வெள்ளி

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். இல்லை. கணக்குப் பாடத்தில் ஜெனிலா இன்னும் என் முகத்தைப் பார்க்கிறாள். "நானும் இப்பத்தான் மக்கா பாக்குதேன்" என்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து தப்பு விடுகிறோம். நேற்று ஒரு தசமக் கணக்கில் நான் ஒன்று சொன்னேன், அவள் ஒன்று சொன்னாள். அரை மணி நேரம் வழக்கு. அவள்தான் சரி. "அம்மா தோத்துட்டா!" என்று சிஜோ தெருவரைக்கும் போய்ச் சொன்னான்.

ஆனால் இதைக் குறித்து வைக்க வேண்டும்: வழக்கு நடந்தபோது அவள் தன் விடையை அழிக்கவில்லை.

மே 25, ஞாயிறு

கோடைக்கால மறைக்கல்வி நிறைவு நாள். மறுபடியும் வினாடி வினா. அவர் சொன்ன நாலாள் முன்னால் என்பதற்கு ஜூனுக்கு முன் இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. நான் வரவா வேண்டாமா என்று ஜெனிலாவிடமே கேட்டேன். "ஒங்களுக்க இஷ்டம்" என்றாள். போனேன். தூணுக்குப் பின்னால் நிற்கலாம் என்று பார்த்தேன். ஒளிந்து நிற்பது கேவலமாக இருந்தது. முன்வரிசையிலேயே உட்கார்ந்தேன்.

ஜெனிலாவின் முறை. ஃபாதர் கேட்டார்: "திருநீற்றுப் புதன் அன்று நெற்றியில் பூசும் சாம்பல் எதிலிருந்து எடுக்கப்படுகிறது?"

எனக்குத் தெரியும். என் முகம் முழுக்கத் தெரிந்திருக்கும், அது என் கையில் இல்லை. அவள் பார்க்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் ஃபாதரையே பார்த்துக்கொண்டு, மைக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"தெரியாது ஃபாதர்."

கோயில் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். ஃபாதர், "போன வருசத்துக் குருத்தோலையை எரிச்சு எடுக்கது" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் திரும்பினார். அதற்குள் ஜெனிலா:

"யாரு ஃபாதர் எரிக்கது?"

"நம்ம மணியடிக்குத கோயில்பிள்ளை எரிப்பாரு."

"அடுத்த தடவை எரிக்கும்போ நான் பாக்க வரட்டா?"

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். ஃபாதரும் சிரித்துவிட்டார். "வா மக்கா, வா. ஆனா மார்க்கு கெடையாது, கேட்டியா?"

"வேண்டாம் ஃபாதர்."

பரிசு இல்லை. மூன்றாம் இடம்கூட இல்லை. வெளியே வந்ததும் மைனி பிடித்துக்கொண்டாள். "தெரியாதுண்ணு சொல்லதுக்கா நாலு வருசம் வீட்டுல வச்சுப் படிப்பிச்ச?"

"ஆமா மைனி" என்றேன். 

ஆனால் அவருக்கு இதை எப்படிச் சொல்வது? தானாக ஒரு வார்த்தை பேசட்டும் என்றார். பேசினாள். பேசிய வார்த்தை "தெரியாது."

மே 31, சனி

அவர் வந்துவிட்டார். இனி இரண்டு மாதம் கடல் இல்லை. முற்றத்தில் குளிக்கும்போதே மைனி வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் சோறு போடும்போது அவர் மீன் விலையைப் பற்றித்தான் பேசினார். அதைக் கேட்டிருக்கலாம்.

ஜூன் 1, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் ஜெனிலாவைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தார். சிஜோ அவர் முதுகில் சாய்ந்துகொண்டிருந்தான். நான் மடக்கவேண்டிய துணிகளோடு பக்கத்தில் இருந்தேன்.

"கோயில்ல தெரியாதுண்ணு சொன்னியாமே?"

"ஆமா."

"வெக்கமா இல்லையா?"

ஜெனிலா கொஞ்சம் யோசித்தாள். "சொல்லுததுக்கு முன்ன இருந்துது. சொன்ன பிறகு இல்ல."

அவர் காலை நீட்டிக்கொண்டார். "இந்தத் தடவை எங்க போட்டுல ஒரு புதுப் பய வந்தான். வலை இழுக்குத வின்ச்சு ஓட்டத் தெரியுமாலேண்ணு கேட்டா மண்டைய ஆட்டினான். தெரியாதுண்ணு சொல்ல வெக்கம். வலை மடி அறுந்து போச்சு. ஒருத்தனுக்க கையும் போவ வேண்டியது." பிறகு ஜெனிலா பக்கம் குனிந்தார். "பள்ளிக்கூடம் போறியா, வீட்டுல இருக்கியா? நீயே சொல்லு."

"வீட்டுல இருக்கேன் அப்பா. ரதீஷ் மாமா பெரிய காந்தம் ஒண்ணு வாங்கித் தாறேண்ணு சொல்லியிருக்கு."

"சரி, இரு."

முடிந்தது. இவ்வளவு மாதம் சுமந்த பாரம் இரண்டே வார்த்தையில் இறங்கிவிட்டது. மாதாவே நன்றி என்று மனதில் சொல்லி முடிக்கவில்லை, அவர் விளையாட்டாகப் பின்னால் கையைப் போட்டுச் சிஜோவை இழுத்தார்.

"நீயோலே? நீ என்ன சொல்லுத?"

சிஜோ வாயைத் திறந்தான். திறந்துவிட்டு என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஜெனிலாவிடம் கோடு போட்டு எண்ணிய பார்வை. இவனிடம் நான் அதைத் தேடியதே இல்லை. இவன் சிரிக்கிறவன், அக்காளுக்குக் குறுக்குவழி சொல்லிக்கொடுக்கிறவன், இவனுக்கு என்ன என்று இருந்துவிட்டேன். அவன் உள்ளே ஒரு பதில் இருக்கிறது. அது எனக்குப் பிடிக்குமா என்று என் முகத்தில் தேடுகிறான்.

இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது முகத்தில் இருக்கத்தான் செய்யும்.

எழுந்தேன். கொடியில் ஒரு துண்டு கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். கொடியில் ஒன்றும் இல்லை. துவைக்கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

 உள்ளிருந்து சிஜோவின் குரல்:

"எனக்குப் பள்ளிக்கூடம் போணும்."

"அது என்னலே திடீர்னு?"

"திடீர்னு இல்ல. ரொம்ப நாளாட்டு."

"என்னத்துக்கு?"

"அங்க ஆளு உண்டு. நான் செவருகூடத்தான அப்பா பந்து வெளையாடுதேன்."

அவர் சிரித்தார். ஜெனிலாவும் சிரித்தாள். என்னால முடியல்ல. ரொம்ப நாளாட்டா? எத்தனை நாளாட்டு? எனக்க மடியில இருந்து எழுத்துக்கூட்டிப் படிச்ச பிள்ள. நான் அக்காளுக்காகச் சண்டை போட்டுக்கிட்டு இருந்த நேரம் முழுக்க இவன் இதை உள்ள வச்சுக்கிட்டு நடந்திருக்கான். நான் உள்ள இருந்திருந்தா இண்ணைக்கும் சொல்லியிருக்க மாட்டான். "வீடுதான்"ண்ணு சொல்லியிருப்பான். நானும் "கொள்ளாம்"ண்ணு சொல்லியிருப்பேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

"நாளைக்கே சேர்த்துருவோமா?" என்று நான்தான் கேட்டேன்.

ஜூன் 2, திங்கள்

சிஜோவை மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். வாசலில் திரும்பிப் பார்ப்பான் என்று நின்றேன். பிள்ளைகள் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். ஜெனிலாவுக்குப் பெரிய காந்தம் வந்துவிட்டது. சிவப்பு மணல் எழும்பியது. அவளும் அவள் அப்பாவும் அடுக்களையில் இருக்கும் ஒவ்வொன்றிலும் காந்தத்தைக் காட்டிப் பார்க்கிறார்கள். காப்பித்தூள், கல்லுப்பு, ராகி மாவு. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

செலவு: நெத்திலி, தேங்காய், சிஜோவுக்கு இரண்டாவது சோடி காலுறை. முதல் சோடி பந்து விளையாடியே கிழிந்துவிட்டது.

நான்கு வருடம் இந்தப் பிள்ளையின் தலைக்குள் அன்றன்றைக்கு என்ன போனது என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான்தானே உள்ளே வைத்தேன். இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தவனிடம், "இண்ணைக்கு என்னலே நடந்தது?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல" என்றான். கைகால் கழுவிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தான்.

நெத்திலியை எடுத்து வாயில் வைத்தவன் தனக்குத்தானே சிரித்தான். "என்னது?" என்று ஜெனிலா கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினான். நான் கேட்கவில்லை. அவன் தட்டுக்கு இன்னும் இரண்டு மீன் வைத்தேன். குனிந்து சாப்பிட்டுக்கொண்டே மறுபடியும் சிரித்தான்.